550 சதுர அடி வீட்டுக்கு எத்தனை லீற்றர் பெயின்ட்?

டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், ஏழு பேர்ச்சஸ் காணியில் கட்டப்பட்ட எங்கள் தனிவீட்டுக்கு உள்ளும் புறமும் பெயின்ட் பூசி முடிந்துவிட்டது. உட்சுவருக்கென 22 லீற்றர் வாங்கியதில் ஒரு லீற்றருக்குச் சற்றுக் குறைவாக மிஞ்சியது. வெளிச்சுவருக்கு 18 லீற்றர் போதும் என்ற கணக்கு ஒரு லீற்றரால் தவறியது. ஒன்று சரிவந்ததற்கும் மற்றது தவறியதற்கும் காரணம் தெளிவாகவே தெரிந்ததால், அளந்த முறையையும் வாங்கிய அளவுகளையும் வரிசையாக எழுதி வைக்கிறேன். இதே அளவில் கட்டப்பட்ட வீடுகள் மலையகத்தில் நிறைய இருப்பதால் எண்கள் சிலருக்கு நேரடியாகவே பயன்படலாம்.

வேலைக்கு வந்த பெயின்ட் பாஸ் (மேஸ்திரி) வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, சமையலறை நீங்கலாக உள்ளுக்கு மட்டும் நான்கு லீற்றர் டின் ஏழு வேண்டும் என்றார். எப்படி அந்த எண் வந்தது என்று கேட்டதற்கு, "செவரு எவ்வளவு குடிக்கும்னு யாருக்குத் தம்பி தெரியும், கூடக் கெடந்தா கெட்டா போகும்?" என்று சிரித்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. வேலை நடுவில் பெயின்ட் தீர்ந்து, ஹட்டனுக்கு ஆள் அனுப்பிவிட்டுக் கூலிக்கு வந்தவர் சும்மா உட்கார்ந்திருப்பதைவிட ஒரு டின் மிஞ்சுவது அவருக்கு மேல். ஆனால் அந்த டின்னுக்குப் பணம் கொடுப்பவர் வேறு ஆள் என்பதால் நான் டேப்பை எடுத்தேன்.

வீட்டின் வெளி அளவு 25 அடிக்கு 22 அடி. உள்ளே 14 அடிக்கு 10 அடியில் ஹோல், 10 அடிக்கு 10 அடியிலும் 10 அடிக்கு 9 அடியிலும் இரண்டு அறைகள், 10 அடிக்கு 8 அடியில் சமையலறை. சீலிங் வரை உயரம் 9 அடி. உயரத்தை அளக்க ஏணி தேவைப்படவில்லை. டேப்பின் நுனியை ஒரு மூங்கில் கழியில் கட்டி மேலே தள்ளிக் கீழே வாசித்துக்கொண்டேன். ஒவ்வொரு அறைக்கும் சுற்றளவை உயரத்தால் பெருக்கி, கதவு ஒன்றுக்கு 21 சதுர அடியும் ஜன்னல் ஒன்றுக்கு 16 சதுர அடியும் கழித்தபோது, ஹோல் 316, பெரிய அறை 307, சின்ன அறை 305, சமையலறை 266 சதுர அடி என்று வந்தன. அறைக் கதவு இரண்டு பக்கத்துச் சுவரிலும் துளையாக இருப்பதால் அதை இரண்டு முறை கழிக்க வேண்டும். ஒரு முறை மட்டும் கழித்தால் கதவுக்கு 21 சதுர அடி வீண் கணக்கு ஏறும். சமையலறையில் விறகடுப்புப் புகை படிந்திருந்ததால் அதைத் தனியாக வைத்தேன். எனவே முதற் கணக்குக்கு எஞ்சியது 928 சதுர அடி.

ஒரு லீற்றர் எத்தனை சதுர அடிக்கு வரும் என்பதில்தான் வீட்டுக்கு வீடு கணக்கு மாறுகிறது. எமல்ஷன் எனப்படும், நீரில் கலக்கும் சுவர்ப் பெயின்ட் டின்களில் பெரும்பாலும் லீற்றருக்குப் பத்துச் சதுர மீற்றர் அளவில், அதாவது ஏறத்தாழ 107 சதுர அடி என்று போட்டிருப்பார்கள். மட்டமாக இழைத்து, சீராக உலர்ந்து, ஏற்கெனவே அடைப்புக் கொடுத்த சுவருக்கு அந்த எண் பொருந்தும். எங்கள் சுவரோ சீமெந்துக் கல்லில் மணற்சாந்து பூசிப் பஞ்சால் தேய்த்துவிட்ட சுவர். முன்பு பூசியிருந்த மெல்லிய வெள்ளை, உள்ளங்கையால் தடவினால் மாவாக ஒட்டியது. டின்னில் உள்ள எண்ணை நம்பினால் 928 சதுர அடிக்கு இரண்டு பூச்சும் சேர்ந்து 17.3 லீற்றர். பாஸ் சொன்னது 28 லீற்றர். இடையில் பத்து லீற்றருக்கு மேல் வித்தியாசம்.

ஆகவே சுவரிடமே கேட்டுவிடலாம் என்று முடிவுசெய்து, முதலில் ஒரேயொரு லீற்றர் டின் வாங்கினேன். ஹோலில், பின்னர் அலுமாரி மறைக்கும் இடத்தில், 5 அடி அகலம் 4 அடி உயரத்துக்கு மாஸ்கிங் டேப் ஒட்டி 20 சதுர அடிக் கட்டம் பிரித்தேன். மாவாக வந்த பழைய வெள்ளையைச் சுரண்டி, ஈரத்துணியால் துடைத்து, உலரவிட்டு, சுவரின் துளைகளை அடைக்கும் வோல் ஃபில்லர் ஒரு கை பூசினேன். ஃபில்லர் லீற்றருக்கு 60 சதுர அடிக்கு மேல் வரவில்லை.

எமல்ஷனை அளந்த விதத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் கவனமின்றிச் செய்தால் சோதனையே பிழைத்துவிடும். சமையலறை டிஜிட்டல் தராசில் அரை லீற்றர் அளவுக் குவளை நிறையப் பெயின்ட் ஊற்றி நிறுத்தபோது, குவளையின் எடை நீங்கலாக 675 கிராம் இருந்தது. ஆகவே ஒரு லீற்றர் 1.35 கிலோ. அடுத்து, பூசத் தொடங்குவதற்கு முன்பே ரோலரைப் பெயின்ட்டில் நன்றாக ஊறவைத்து, டின், தட்டு, ரோலர் மூன்றையும் ஒன்றாகத் தராசில் வைத்தேன். கட்டத்தைப் பூசியதும் அதே மூன்றையும் மீண்டும் வைத்தேன். குறைந்த எடை முழுவதும் சுவரில் இருக்கிறது என்று பொருள். டின்னை மட்டும் நிறுத்தால் உலர்ந்த ரோலர் உறிஞ்சிக்கொண்ட பெயின்ட்டும் தட்டில் ஒட்டியதும் சுவரின் கணக்கில் விழுந்துவிடும். 20 சதுர அடி போன்ற சிறிய கட்டத்தில் அது பெரிய பிழை. சோதனைக்கு நீர் கலக்கவும் இல்லை, கலந்தால் நீரின் எடையும் பெயின்ட்டாகவே தோன்றும்.

முதற் பூச்சில் 337 கிராம் குறைந்தது. அது கால் லீற்றர்; லீற்றருக்கு 80 சதுர அடி. மறுநாள் அதே கட்டத்தில் இரண்டாம் பூச்சுக்கு 257 கிராம், அதாவது 0.19 லீற்றர்தான் போனது. லீற்றருக்கு 105 சதுர அடி. டின்னில் போட்டிருந்த எண் இரண்டாம் பூச்சுக்கு ஏறக்குறைய உண்மை, முதற் பூச்சுக்கு இல்லை. இரண்டு பூச்சுக்கும் ஒரே எண்ணைப் போட்டுப் பெருக்குவதால்தான் பலருக்கும் கணக்கு உதைக்கிறது என்று நினைக்கிறேன்.

இந்த எண்களை வைத்து 928 சதுர அடிக்கு முதற் பூச்சு 11.6 லீற்றர், இரண்டாம் பூச்சு 8.8 லீற்றர், கூட்டினால் 20.4. சிந்துவதற்கும் தட்டில் காய்வதற்கும் ஐந்து சதவீதம் சேர்த்தால் 21.5. ஃபில்லர் 15.5 லீற்றர், எனவே நான்கு லீற்றர் டின் நான்கு சரியாகப் பொருந்தியது.

கடையில் லீற்றர் கணக்கில் பெயின்ட் அளந்து தருவதில்லை, டின் கணக்கில்தான் தருவார்கள் என்பதால் அடுத்த கணக்கு டின்களுடையது. நான் வாங்கிய எமல்ஷன் ஒரு லீற்றர் டின் 1,750 ரூபாய், நான்கு லீற்றர் 6,200 ரூபாய், இருபது லீற்றர் வாளி 27,500 ரூபாய். ஒரு லீற்றராகப் பார்த்தால் முறையே 1,750, 1,550, 1,375. வாளி ஒன்றும் ஒரு லீற்றர் டின் இரண்டுமாக 22 லீற்றர் 31,000 ரூபாய்க்கு முடிந்தது. நான்கு லீற்றர் டின்களாகவே எடுத்திருந்தால் ஆறு டின், 37,200. பாஸ் கேட்ட ஏழு டின் 43,400. கடைசிக்கும் முதலுக்கும் இடையில் 12,400 ரூபாய். தோட்டத்தில் நாளாந்த அடிப்படைச் சம்பளம் 2024 இல் 1,350 ரூபாயாக ஆக்கப்பட்டது. அந்தக் கணக்கில் இது ஒன்பது நாள் சம்பளத்துக்கும் மேல். சோதனைக்கு வாங்கிய லீற்றரின் விலையைச் சேர்த்தாலும் லாபம்தான், அதில் மிஞ்சிய பெயின்ட்டும் வீணாகவில்லை.

வாங்கியவுடன் எல்லா டின்னையும் பெரிய வாளியொன்றில் ஊற்றிக் கலந்துவிட்டோம். ஒரே நிற இலக்கம் என்றாலும் ஒவ்வொரு டின்னாகக் கலந்து தரும்போது நூலளவு வேறுபாடு வரலாம். சுவரின் நடுவே டின் மாறினால் மாலை வெயிலில் அது கோடாகத் தெரியும். பூசும்போது முதற் பூச்சுக்கு மட்டும் பத்து சதவீதத்துக்குள் நீர் சேர்த்தோம். பெயின்ட் காணாது என்று நீரை அதிகமாக்குவது சிலருடைய பழக்கம். நீர் காற்றில் போய்விடும், சுவரில் தங்குவது அதே பெயின்ட்தான். படலம் மெலிந்து மூன்றாம் பூச்சு கேட்கும்போது மிச்சம் பிடித்ததெல்லாம் போய்விடும்.

சமையலறை 266 சதுர அடிதான் என்றாலும் வேலை அதிகம். புகைக்கறையைச் சவர்க்கார நீரால் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவிய பிறகும், ஓரிடத்தில் எமல்ஷன் தொட்டுப் பார்த்தபோது காய்ந்ததும் பழுப்பாக ஊறி மேலே வந்தது. நீரில் கரையும் பெயின்ட் எத்தனை கை பூசினாலும் இந்தக் கறை அதன் ஊடாக ஏறும். எண்ணெய்ப் பிரைமர் ஒரு கை கொடுத்து அடைத்த பின்னரே நின்றது. அதற்கு மூன்று லீற்றர் போனது. பிரைமர் பூசிய சுவர் உறிஞ்சாது என்பதால் எமல்ஷனுக்கு இரண்டு பூச்சுக்கும் 105 என்ற எண்ணையே போட்டேன்: 5.1 லீற்றர். நான்கு லீற்றர் டின் ஒன்றும் ஒரு லீற்றர் ஒன்றும் வாங்கி, குறைந்ததை ஹோலில் மிஞ்சியதிலிருந்து ஊற்றிச் சமாளித்தோம்.

இனி வெளிச்சுவர். சுற்றளவு 94 அடியை 9 அடியால் பெருக்க 846 சதுர அடி. இரண்டு பக்கத்து முகட்டுச் சுவரின் முக்கோணங்களும் உண்டு. அவற்றின் உயரத்தை அளக்க ஏணியில் ஏறவில்லை. சீலிங்குக்கு மேலே அந்தச் சுவர் சாந்து பூசப்படாமல் இருப்பதால், சீலிங் துவாரம் வழியாக டோர்ச் அடித்துக் கல் வரிசைகளை எண்ணினேன். சாந்துடன் சேர்த்து வரிசைக்கு 8 அங்குலம் வீதம் ஏழரை வரிசை, ஐந்து அடி. 22 அடியில் பாதியை ஐந்தால் பெருக்கினால் முக்கோணத்துக்கு 55, இரண்டுக்கும் 110. கதவு இரண்டு, ஜன்னல் ஆறு, மொத்தம் 138 சதுர அடியைக் கழித்தேன். ஆனால் ஜன்னல் நிலை சுவரின் முகத்தில் இல்லை. நான்கு அங்குலம் உள்ளே தள்ளி இருக்கிறது. அந்த ஓரங்களுக்கும் பெயின்ட் வேண்டும். ஜன்னலுக்கு ஐந்து சதுர அடிக்குச் சற்று மேல், ஆறுக்கும் 32. கழித்த ஜன்னல் பரப்பில் மூன்றிலொரு பங்கு இப்படி ஓரங்களாகத் திரும்பி வந்துவிடுகிறது. எல்லாம் சேர்ந்து 850 சதுர அடி.

வெளியே கீழ்ப்பகுதியில் செம்மண் தெறிப்பதால் அடியில் இரண்டடி உயரத்துக்குக் கடும் நிறப் பட்டை போடுவதாக இருந்தோம். கிழக்குச் சுவரில் செய்த சோதனையில் வெளிப்புறப் பெயின்ட் முதற் பூச்சுக்கு லீற்றருக்கு 70 சதுர அடி, இரண்டாவதற்கு 95 என்று கிடைத்தது. கதவுகளை விட்டு 88 அடி நீளம், இரண்டடி உயரம், 176 சதுர அடி. இரண்டு பூச்சுக்கும் 4.4 லீற்றர். அரை லீற்றருக்கும் குறைவான தேவைக்காக இன்னொரு டின் வாங்க மனம் வரவில்லை. பட்டையை 20 அங்குலமாகக் குறைத்தேன். 147 சதுர அடி, 3.65 லீற்றர், நான்கு லீற்றர் டின் ஒன்றுக்குள் அடங்கியது. நான்கு அங்குலம் குறைந்ததை இதுவரை யாரும் கவனிக்கவில்லை. மேலே மீந்த 703 சதுர அடிக்கு 17.4 லீற்றர் என்று வந்ததால், பத்து லீற்றர் வாளி ஒன்றும் நான்கு லீற்றர் டின் இரண்டும் எடுத்தேன்.

கணக்குத் தவறியது தென்மேற்கு முகட்டுச் சுவரில். வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை தென்மேற்குப் பருவக்காற்று மழையை நேராகக் கொண்டுவந்து அடிப்பது அந்தச் சுவரில்தான். பாசியைப் பிளீச்சிங் கரைத்த நீரூற்றித் தேய்த்தபோது மேற்சாந்தின் பசையெல்லாம் கழன்று மணல் தெரிந்தது. தொட்டால் சொரசொரவென்று சாண்ட் பேப்பர் போல் இருந்தது. அங்கே முதற் பூச்சு லீற்றருக்கு 50 சதுர அடிக்கு மேல் போகவில்லை. பட்டை நீங்கலாக அந்தச் சுவர் 200 சதுர அடி, 2.9 லீற்றர் போக வேண்டிய இடத்தில் நான்கு லீற்றர் போனது. கிழக்குச் சுவர் மழை படாத சுவர். அதில் எடுத்த எண்ணை நான்கு பக்கத்துக்கும் போட்டது பொருந்தாது என்பதை, அந்தச் சுவரைக் கழுவியபோதே உணர்ந்து இன்னொரு கட்டம் பிரித்துப் பார்த்திருக்கலாம். பாஸ் ஒன்றும் சொல்லவில்லை. ரோலரைத் தட்டில் தோய்த்தபடி என்னை ஒரு பார்வை பார்த்தார்.

இரண்டாம் பூச்சு நடக்கும்போது வாளியில் இருப்பது காணாது என்று தெரிந்தது. நல்லவேளையாக முற்றாகத் தீரும்வரை காத்திருக்கவில்லை. மூன்று லீற்றரளவு இருக்கும்போதே அதே நிற இலக்கத்தில் ஒரு லீற்றர் வாங்கி, இருந்ததோடு கலந்து, பின்சுவரை ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை அந்தக் கலவையாலேயே முடித்தோம். நிறத்தில் ஏதும் வேறுபாடு இருந்தால் அது மூலையில் விழும். இரண்டு சுவரில் வெளிச்சம் வேறு வேறாக விழுவதால் கண்ணுக்குப் படாது.

நான்காயிரம் அடிக்கு மேலுள்ள ஊரில் பெயின்ட் கணக்கோடு வானிலைக் கணக்கும் சேர்ந்தே வரும். தை முதல் பங்குனி வரையிலான நாட்களில் வேலையை வைத்துக்கொண்டோம். அப்போதும் காலையில் பனி உலரும்வரை சுவரில் கை வைக்க முடியாது. பிற்பகல் மூடுபனி இறங்கினால் பூசியது காயாது. காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டினால் பூசக்கூடாது என்பது பொதுவான விதி, எங்கள் ஊரில் மூடுபனி வந்துவிட்டால் அதற்கு மானி தேவையில்லை. ஒன்பது மணிக்குத் தொடங்கி இரண்டு மணிக்குள் நிறுத்தினோம். ஒரே நாளில் இரண்டு பூச்சு என்று டின்னில் இருப்பதைக் கொழும்பில் உள்ளவர்கள் செய்யட்டும், இங்கே ஒரு பூச்சுக்கு ஒரு நாள் வேண்டும். சுவரின் உள்ஈரத்தைப் பார்க்க, இரண்டடிச் சதுரப் பொலித்தீனை நான்கு பக்கமும் டேப்பால் ஒட்டி ஓர் இரவு விட்டேன். காலையில் பொலித்தீனின் சுவர்ப் பக்கத்தில் நீர்த்துளி இருந்தால் சுவர் இன்னும் ஈரம். அதன்மேல் பூசினால் பெயின்ட் குறைவாகத்தான் பிடிக்கும், மிச்சம் என்று மகிழலாம், அடுத்த மழைக்குள் அது கொப்பளித்து உரியும். வெடிப்புகளுக்குப் புதிதாகச் சீமெந்து அடைத்த இடங்களையும் நான்கு வாரம் ஆறவிட்ட பிறகே தொட்டோம்.

கதவு ஜன்னல்களுக்குச் சுருக்கமான வழி உண்டு. இந்தியப் பொதுப்பணி அளவீட்டில் பலகை பதித்த கதவின் ஒரு பக்கத்துப் பரப்பை 1.3 ஆலும் கண்ணாடி ஜன்னலை 0.8 ஆலும் பெருக்குவார்கள். நான்கு கதவு இரண்டு பக்கமும் 218, ஆறு ஜன்னல் 154, மொத்தம் 372 சதுர அடி. பழைய மரத்தில் எனாமல் லீற்றருக்கு 110 சதுர அடி என்று வைத்து இரண்டு பூச்சுக்கு 6.8 லீற்றர், ஏழு வாங்கினேன், சரியாக முடிந்தது. பழைய எனாமலை உலர்வாகத் தேய்க்க வேண்டாம். அக்காலப் பெயின்ட்டில் ஈயம் இருந்திருக்கக்கூடும். நீர்ச் சாண்ட் பேப்பரால் நனைத்துத் தேய்த்து, வழித்ததைத் துணியில் ஒற்றி எடுத்தோம், பிள்ளைகளை அன்று கிட்டே விடவில்லை.

இந்த வேலையைப் பார்த்த அண்ணன் ஒருவர் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், இருக்கும் தமது காம்பராவுக்கும் (அறைக்கும்) கணக்குப் போட்டுத் தரச் சொன்னார். அங்கே முன்சுவர் 7 அடி, நடுச்சுவர் 11 அடி, கூரை சரிவாக இறங்குகிறது. பக்கச் சுவர்களுக்கு இரண்டு உயரத்தின் சராசரியான 9 அடியை எடுக்க வேண்டும். 10 அடிக்கு 12 அடிக் காம்பராவில் முன்சுவர் 70, நடுச்சுவர் 110, பக்கச் சுவர் இரண்டும் 216, கதவும் ஜன்னலும் 24 கழிய 372 சதுர அடி. ஆனால் ஆண்டுக்கணக்கில் ஒன்றன்மேல் ஒன்றாக அடித்த சுண்ணாம்பு அங்கே தடிப்பாக இருக்கிறது. அதைச் சுரண்டாமல் எமல்ஷன் அடித்தால் சுண்ணாம்போடு சேர்த்தே உரிந்து வரும் என்பதால், பெயின்ட்டை விட்டுச் சுண்ணாம்பே அடிக்கச் சொன்னேன். அவரும் அதைத்தான் நினைத்திருந்தாராம்.

எங்களுக்கு இன்னும் கூரை இருக்கிறது. நீளம் ஓரங்களுடன் 28 அடி, சரிவு ஒரு பக்கம் 14.3 அடி, இரண்டு பக்கமும் 800 சதுர அடி. தகரத்தின் நெளிவுக்கும் பெயின்ட் வேண்டும் அல்லவா? மீந்துபோன தகரத் துண்டொன்றில் 24 அங்குல அகலத்துக்கு நூலை நெளிவோடு ஒட்டவைத்துப் பிடித்து, நிமிர்த்தி அளந்தால் 27 அங்குலம் இருந்தது, 1.125 மடங்கு. அந்தப் பொதுப்பணி அளவீட்டில் நெளி தகரத்துக்கு 1.14 என்றிருப்பதோடு இது அநேகமாக ஒத்துப்போகிறது. ஆக 900 சதுர அடி. இம்முறை முதலில் தென்மேற்குப் பக்கத்துத் தகரத்தில் 20 சதுர அடி பூசி நிறுத்துப் பார்த்துவிட்டு, மழைக்கு முன் வாளி எடுக்க வேண்டும்.